பதினைந்து வகை, இரண்டு அடுப்பு: சித்திரை விருந்து பற்றி ஒரு வாசகிக்குப் பதில்

கொங்குப் பகுதி நகரம் ஒன்றிலிருந்து எழுதியிருக்கும் வாசகிக்கு 36 வயது, வங்கியில் வேலை. சித்திரை முதல் நாளன்று குடும்பம் கூடுவது அவர் வீட்டில்தான். பெரியவர்கள் 16, பிள்ளைகள் 6, ஆக 22 இலை. மாமியாருக்கு மூட்டுவலி வந்ததிலிருந்து முழுச் சமையலும் இவர் பொறுப்பாகிவிட்டது. வீட்டில் இரண்டு பர்னர் கேஸ் அடுப்பு, 5 லிட்டரில் ஒன்றும் 3 லிட்டரில் ஒன்றுமாக இரண்டு குக்கர், பரணில் தூங்கும் ஓர் இண்டக்‌ஷன் அடுப்பு.

போன வருடம் சாதம், தயிர் நீங்கலாகப் பதினைந்து வகை செய்திருக்கிறார்: பருப்பு, சாம்பார், வத்தக்குழம்பு, மோர்க்குழம்பு, ரசம், அவியல், கூட்டு, இரண்டு பொரியல், மாங்காய்ப் பச்சடி, வடை, பாயசம், சர்க்கரைப் பொங்கல், புளியோதரை, அப்பளம். ஒன்பதரைக்கு அடுப்பைப் பற்றவைத்தும் முதல் பந்தி இரண்டு மணிக்குத்தான் உட்கார்ந்தது. பாயசம் திரிந்தது, வடை எண்ணெய் குடித்தது. நாலு மணிக்கு நின்றுகொண்டே ரசஞ்சாதம் சாப்பிட்டவர், "எனக்குக் கைவேகம் போதவில்லை" என்று எழுதுகிறார். இந்த முறை எல்லாவற்றையும் முந்தின இரவே செய்துவைத்துக் காலையில் சூடுபண்ணிப் பரிமாறலாமா என்பது அவர் கேள்வி. கணவர் கேட்டரிங் சொல்லலாம் என்கிறார். மாமியாரோ "நல்ல நாளும் அதுவுமா வெளிச்சாப்பாடா" என்கிறார். வருபவர்களில் நாத்தனார் ஆறு மாதக் கர்ப்பிணி, பெரிய மாமனார் இன்சுலின் போடுகிறவர்.

உங்கள் கைவேகத்தில் குறை இல்லை. அதை முதலில் கணக்குப் போட்டே காட்டிவிடுகிறேன்.

அடுப்பின் கணக்கு

22 பேர் அளவுக்கு ஒவ்வொன்றும் அடுப்பில் எவ்வளவு நேரம் இருக்கும் என்று எழுதிப் பாருங்கள். பருப்பு 20 நிமிடம், சாதம் இரண்டு ஈடு 50, சாம்பார் 40, வத்தக்குழம்பு 30, மோர்க்குழம்பு 20, ரசம் 15, அவியல் 25, கூட்டு 20, பொரியல் இரண்டும் 35, பச்சடி 20, வடை 45, பாயசம் 45, சர்க்கரைப் பொங்கல் 40, புளிக்காய்ச்சல் 30, அப்பளம் 10. மொத்தம் 445 நிமிடம், அதாவது ஏழே கால் மணி நேரத்துக்கு மேல். இரண்டு பர்னரில் பிரித்தால் ஒரு நிமிடம்கூட அடுப்பு சும்மா இல்லாமல் எரிந்தால்தான் மூன்றே முக்கால் மணி நேரத்தில் முடியும். ஒன்பதரைக்குத் தொடங்கினால் ஒன்றேகால். நடுவில் பாத்திரம் மாற்றுவது, குக்கர் ஆவி அடங்கக் காத்திருப்பது, வந்தவர்களுக்குக் காபி போடுவது எல்லாம் சேர்ந்தால் இரண்டு மணிதானே ஆகும்? பத்து விருந்து சமைத்துப் பழகிய கைக்கும் அன்று இதே கதிதான்.

ஆகவே "என்னென்ன செய்வது" என்பதற்கு முன்னால் "எது எந்த அடுப்பில், எத்தனை மணிக்கு" என்று ஒரு தாளில் எழுதுங்கள். அதில் இடம் கிடைக்காத பதார்த்தம் இலையிலும் வேண்டாம். என் யோசனை இது: வத்தக்குழம்பு, மோர்க்குழம்பு, அவியல், சர்க்கரைப் பொங்கல் நான்கையும் விடுங்கள். சாம்பார் இருக்கும்போது இன்னும் இரண்டு குழம்பை யாரும் தேடப்போவதில்லை. பாயசமும் இனிப்புப் பச்சடியும் இருப்பதால் பொங்கலும் தேவைப்படாது. அவியலை எடுக்கச் சொல்வதற்கு வேறு காரணமும் உண்டு. தேங்காயும் தயிரும் சேர்ந்த பதார்த்தம் சித்திரை வெயிலில் முதலில் கெடுவது. நாளுக்கு உரியவை என்றால் வேப்பம்பூ போட்ட மாங்காய்ப் பச்சடி, பருப்பு, வடை, பாயசம். இவற்றில் கைவைக்க வேண்டாம்.

இதிலேயே 115 நிமிடம் போய்விட்டது. புளிக்காய்ச்சலை இரண்டு நாள் முன்பும் பச்சடியை முந்தின மாலையும் முடித்துவிட்டால் இன்னும் 50. பாயசத்தின் அடிப்பாகத்தையும் அப்பளத்தையும் அன்று காலை ஒன்பதுக்குள் முடித்தால், ஒன்பதிலிருந்து பன்னிரண்டரை வரை மீதமிருப்பது சுமார் 225 நிமிடம்தான்.

இண்டக்‌ஷன் அடுப்பைப் பரணிலிருந்து இறக்குங்கள். ஒரு வாரம் முன்பே போட்டுப் பாருங்கள். அடியில் காந்தம் ஒட்டும் பாத்திரம்தான் அதில் வேலை செய்யும். 2000 வாட் அடுப்பு ஒன்பது ஆம்பியர் வரை இழுக்கும் என்பதால் சிறிய 6 ஆம்பியர் பிளக் பாயிண்டில் செருகக் கூடாது, 16 ஆம்பியர் பாயிண்ட் வேண்டும். அதே லைனில் கிரைண்டரையும் ஓட்டினால் டிரிப் ஆகலாம். கேஸ் சிலிண்டர் எத்தனை நாளாக ஓடுகிறது என்றும் பாருங்கள். மாற்று சிலிண்டர் நிரம்பியிருக்கட்டும்.

முந்தின இரவே எல்லாம் சமைக்கலாமா?

வேண்டாம். வாய்ருசிக்காக மட்டும் சொல்லவில்லை. சமைத்த உணவு 5 டிகிரிக்கும் 60 டிகிரி செல்சியஸுக்கும் நடுவே நிற்கும் நேரத்தில்தான் கிருமி பெருகும். அறை வெப்பத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது என்பது பொது விதி. வெயில் 32 டிகிரியைத் தாண்டினால் ஒரு மணி நேரம்தான் என்று கொள்வார்கள். ஏப்ரலில் உங்கள் ஊர்ச் சமையலறை எப்படி இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. நாலு லிட்டர் சாம்பார் ஒரே அண்டாவில் இரவு முழுவதும் மூடிக் கிடந்தால் நடுப்பகுதி பல மணி நேரம் வெதுவெதுப்பாகவே இருக்கும்.

"காலையில் கொதிக்கவைத்தால் சரியாகிவிடும்" என்று எழுதியிருக்கிறீர்கள். பலரும் அப்படித்தான் நம்புகிறார்கள். கொதியில் கிருமி சாகும். ஆனால் அது ஏற்கெனவே கக்கிவைத்த நச்சு எல்லாமே அழிவதில்லை. சாதத்தில் வளரும் பேசில்லஸ் சீரியஸ் என்ற கிருமியின் வாந்தி நச்சு கொதிக்கும் சூட்டையும் தாங்கும். கர்ப்பிணியும் முதியவர்களும் குழந்தைகளும் உட்காரும் பந்தியில் இந்தப் பரீட்சை வேண்டாம். அப்படியானால் பழைய சோறு என்று கேட்பீர்கள். அது சூடு ஆறியதும் தண்ணீர் ஊற்றி வைப்பது. புளிக்கும்போது உண்டாகும் அமிலம் ஓரளவு காக்கிறது. மத்தியானத்திலிருந்து வெறுமனே மூடிக் கிடந்த சாதத்துக்கு அந்தக் காப்பு இல்லை.

சூடான பாத்திரத்தை ஃபிரிட்ஜில் வைத்தால் ஃபிரிட்ஜ் கெட்டுவிடும் என்று வெளியிலேயே வைத்ததாகவும் சொல்கிறீர்கள். கொதிக்கக் கொதிக்க வைக்க வேண்டாம்தான். ஆனால் முழுக்க ஆறும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. அகலமான, ஆழம் குறைந்த பாத்திரங்களில் பிரித்து, தண்ணீர்த் தொட்டியில் இறக்கிக் கிளறி, வெதுவெதுப்பானதும் உள்ளே வைத்துவிடுங்கள்.

முந்தின நாளுக்குத் தாராளமாகத் தள்ளக்கூடிய வேலைகள் இருக்கின்றன. புளிப்பும் வெல்லமும் சேர்ந்த பச்சடி ஃபிரிட்ஜில் நன்றாக நிற்கும். முக்கால் கிலோ மாங்காய்க்கு 400 கிராம் வெல்லம். காயின் புளிப்பைப் பார்த்துக் கூட்டிக் குறைக்கலாம். வேப்பம்பூவை மட்டும் நெய்யில் வறுத்துத் தனியாக வையுங்கள். இரவே கலந்தால் கசப்பு பச்சடி முழுவதும் ஏறிவிடும். இலை போடும் நேரத்தில் சேர்த்தால் போதும். சாம்பாருக்கு 90 கிராம் புளியைக் கரைத்து வடிகட்டி வைக்கலாம், மசாலாவை வறுத்து அரைத்து வைக்கலாம். பீன்ஸ், கேரட், பூசணி, முருங்கை நறுக்கலாம். ஈரம் துடைத்து, துணி விரித்த டப்பாவில் போட்டு மூடுங்கள். கத்தரியும் வாழைக்காயும் உருளையும் கறுக்கும் என்பதால் அவை காலையில்தான். தேங்காய் துருவி ஃப்ரீசரில்.

தயிருக்கு இரவு பத்து மணிக்கு இரண்டரை லிட்டர் பாலில் உறை ஊற்றுங்கள். கனி காண எப்படியும் ஐந்து மணிக்கு எழுவீர்கள். அப்போது தோய்ந்திருக்கும், உடனே ஃபிரிட்ஜில் ஏற்றிவிட்டால் மத்தியானம் புளிக்காது. கனித் தட்டு அடுக்கும் வேலையும் அந்த இரவுக்கு உண்டு என்பதை மறந்து சமையலை அங்கே குவிக்காதீர்கள்.

அளவு

வீட்டுக்குச் செய்வதை ஐந்தால் பெருக்கினேன் என்கிறீர்கள். அரிசி, பருப்பு, காய்க்கு அது சரி. உப்பு, மிளகாய், புளி, தண்ணீருக்குச் சரிவராது. பெரிய பாத்திரத்தில் தண்ணீர் சுண்டுவது விகிதத்தில் குறைவு என்பதால் பெருக்கிய கணக்கில் ஊற்றினால் சாம்பார் நீர்த்துவிடும். இவற்றைப் பெருக்கி வரும் அளவில் முக்கால் பங்கு போட்டு, கடைசியில் ருசி பார்த்துச் சேருங்கள்.

இத்தனை பதார்த்தம் உள்ள இலையில் பெரியவர் ஒருவருக்கு 80 கிராம் அரிசி, பிள்ளைக்கு 40 கிராம். உங்களுக்கு ஒன்றரை கிலோ போதும். சாம்பார் நாலு லிட்டர். அதற்கும் தனிப் பருப்புக்கும் சேர்த்து 700 கிராம் துவரம்பருப்பு. ரசம் இரண்டரை லிட்டர். பொரியல் ஒவ்வொன்றுக்கும் ஒன்றேகால் கிலோ காய். வடை ஆளுக்கு இரண்டு என்றால் 600 கிராம் உளுந்து. புளியோதரை ஒரு கரண்டிக்கு மேல் யாரும் வாங்க மாட்டார்கள். அதற்குத் தனியாக அரை கிலோ அரிசி, வடித்து ஆறவிட்டுக் கலக்க. அந்த ஒரு ஈட்டை இண்டக்‌ஷன் பார்த்துக்கொள்ளும்.

குக்கரில் அரிசியோ பருப்போ தண்ணீரோடு சேர்ந்து பாதியைத் தாண்டக் கூடாது. தாண்டினால் நுரை ஏறி ஆவித் துளையை அடைக்கும். அந்தக் கணக்கில் 5 லிட்டர் குக்கரில் 600 கிராம் அரிசி, 3 லிட்டரில் 300 கிராம். ஒன்றரை கிலோவை ஒரே முறையில் திணிக்க முடியாது, திணிக்கவும் தேவையில்லை. முதல் பந்திக்கு இரண்டு குக்கரும். இரண்டாம் பந்திக்குப் பெரிய குக்கரில் மறுபடி 600. பின்னால் உட்காருகிறவர்களுக்கும் சுடுசாதம் கிடைக்கும்.

பாயசமும் வடையும் ஏன் சதி செய்தன

வெல்லத்தில் இயல்பாகவே கொஞ்சம் அமிலமும் உப்புகளும் உண்டு. கொதிக்கும் வெல்லத்தில் பாலை ஊற்றினால் திரியத்தான் செய்யும். இந்த முறை தேங்காய்ப் பாலில் பாசிப்பருப்புப் பாயசம் செய்யுங்கள்: 350 கிராம் பருப்பை லேசாக வறுத்துக் குழைய வேகவைத்த பிறகுதான் வெல்லம். முன்பே போட்டால் பருப்பு அதற்குமேல் வேகாது. 700 கிராம் வெல்லத்தைத் தனியாகக் கரைத்து மண் வடிகட்டிச் சேருங்கள். காலை ஒன்பதுக்குள் இதுவரை முடித்து, வெதுவெதுப்பானதும் மூடி ஃபிரிட்ஜில் வையுங்கள். பன்னிரண்டு மணிக்கு மறுபடி நன்றாகக் கொதிக்கவிட்டு, மூன்று தேங்காயின் இரண்டாம் பாலைச் சேர்த்து ஒரு கொதி. அடுப்பை அணைத்த பிறகு முதல் பால். பசும்பாலில்தான் வேண்டுமென்றால், காய்ச்சி ஆறிய பாலை, அடுப்பிலிருந்து இறக்கிச் சூடு தணிந்த பாயசத்தில் ஊற்றுங்கள்.

வடைக்கு இரவெல்லாம் உளுந்து ஊறப்போட்டு, உப்புப் போட்டு ஆட்டி வைத்ததாக எழுதியிருக்கிறீர்கள். அதுதான் கோளாறு. நெடுநேரம் ஊறினால் உளுந்து அதிகத் தண்ணீர் வாங்கும். உப்பு மாவை இன்னும் நெகிழ்த்தும். நெகிழ்ந்த மாவு எண்ணெய் குடிக்கும். ஒன்றிலிருந்து ஒன்றரை மணி நேரம் ஊறினால் போதும். குளிர்ந்த தண்ணீரைக் கைத் தெளிப்பாக விட்டு ஆட்டுங்கள். ஒரு சொட்டு மாவைத் தண்ணீரில் போட்டால் மிதக்க வேண்டும். காலை எட்டுக்கு ஆட்டி உப்பில்லாமல் ஃபிரிட்ஜில் வைத்து, தட்டும்போது உப்புச் சேருங்கள். அப்படியும் நெகிழ்ந்தால் இரண்டு ஸ்பூன் அரிசி மாவு. அதற்கு மேல் போட்டால் வடை கல்லாகும்.

எண்ணெய் காய்ந்ததா என்று பார்க்க ஒரு துளி மாவு போடுங்கள். சற்று அமிழ்ந்து உடனே எழும்ப வேண்டும். ஒரே நேரத்தில் பத்து வடையைப் போட்டால் எண்ணெயின் சூடு படுத்துவிடும். அகல வாணலியில் ஐந்தாறு போதும். பதினொன்றரைக்கு எல்லாவற்றையும் முக்கால் பதம் பொரித்து எடுத்துவிட்டு, ஒவ்வொரு பந்திக்கும் முன்னால் நல்ல சூட்டில் இரண்டு நிமிடம் திரும்பப் போட்டால் மொறுமொறுப்பு வரும்.

அன்று காலை

எட்டுக்கு மாவு ஆட்டியதும் பாயசத்தின் அடிப்பாகமும் அப்பளமும். அப்பளம் காற்றுப் புகாத டின்னில் போகட்டும். ஒன்பதரைக்குப் பருப்பு, அது வெந்ததும் அதே குக்கரில் கூட்டு. பக்கத்து பர்னரில் சாம்பார். பத்தரைக்கு இண்டக்‌ஷனில் புளியோதரைக்கான சாதம், பிறகு அதிலேயே ரசம். பதினொன்றுக்குப் பொரியல், அதற்குமுன் வதக்கினால் பச்சை நிறம் செத்துவிடும். பதினொன்றரைக்கு வடை. பன்னிரண்டுக்கு ஒரு குக்கர் கேஸிலும் மற்றொன்று இண்டக்‌ஷனிலும் ஏறட்டும், வடை இறங்கிய பர்னரில் பாயசம். பன்னிரண்டரைக்கு இலை.

இந்த நேரத்தைப் பெரிய மாமனாரிடம் முன்பே சொல்லுங்கள், சொன்னபடி நடத்துங்கள். இன்சுலின் போட்டபின் சாப்பாடு தள்ளிப்போனால் சர்க்கரை அபாயமாக இறங்கலாம். தாமதமாகும் என்று தெரிந்தால் ஊசிக்கு முன்பே அவருக்குத் தெரிய வேண்டும். அளவை அவரும் அவர் மருத்துவரும் முடிவு செய்வார்கள். அவர், நாத்தனார், பிள்ளைகள், மற்றப் பெரியவர்கள் என முதல் பந்தியில் 11 பேர். ஒன்றேகாலுக்கு இரண்டாம் பந்தியில் மீதி 11. அதில் ஓர் இலை உங்களுடையது. இரண்டாம் பந்தியைப் பரிமாற முதல் பந்தியில் சாப்பிட்டவர்களில் இருவரை முன்பே கேட்டு வையுங்கள். 11 இலைக்கு இருவர் போதும். உங்கள் கணவர் முதல் பந்திக்குப் பரிமாறட்டும்.

கேட்டரிங்கும் மாமியாரும்

முழுச் சாப்பாட்டையும் வெளியில் சொல்வதில் தவறொன்றும் இல்லை. ஆனால் உங்கள் வீட்டில் அது ஒரு மனத்தாங்கலாகும் என்று தெரிகிறது. வகையைக் குறைத்த பிறகு அதற்கு அவசியமும் இல்லை. வாங்கியே ஆக வேண்டுமென்றால் ஒரு பொரியலும் புளியோதரையும் வாங்குங்கள். தேங்காய் அரைத்தது, தயிர் கலந்தது வேண்டாம். எத்தனை மணிக்குச் சமைப்பார்கள் என்று கேளுங்கள். பன்னிரண்டுக்கு முன் வந்து இறங்கும் சாப்பாடு ஆறித்தான் இலைக்கு வரும். வீட்டிலிருந்து சமைத்து விற்பவர்களுக்கும் உணவுப் பாதுகாப்புப் பதிவு கட்டாயம். அந்த 14 இலக்க எண்ணைக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. பணத்தை நான் முதலில் செலவிடச் சொல்வது பாத்திரம் கழுவும் ஆளுக்கு. அவருக்கும் அன்று பண்டிகைதான். முன்பே பேசி, இரண்டரை மணிக்கு வரச் சொல்லி, கூடுதல் கூலியும் வீட்டுக்குச் சாப்பாடும் கொடுங்கள்.

மாமியாருக்கு மூட்டுவலி, ஆனால் கையும் நாக்கும் நன்றாகத்தானே இருக்கின்றன? போன வருடம் அவரைக் கூடத்தில் உட்காரவைத்தீர்கள். மரியாதையாக நினைத்துச் செய்தது அவருக்கு ஒதுக்கியதுபோல் பட்டிருக்கலாம். பதினைந்து வகை வேண்டும் என்ற பிடிவாதத்தில் கொஞ்சம் அதுவும் இருக்கக்கூடும். ஒரு வாரம் முன்பே, மற்றவர்கள் இல்லாதபோது கேளுங்கள்: "அத்தை, இந்த வருசம் அவியலும் பொங்கலும் விட்டுட்டு, ரெண்டு பந்திக்கும் வடை சூடா போடலாம்னு இருக்கேன். பச்சடிப் பதமும் வேப்பம்பூவும் நீங்க பாத்துக்கறீங்களா?" சாப்பாட்டு மேசையில் நாற்காலி போட்டு உட்கார்ந்தபடி காய் ஆய்வது, உப்புப் பார்ப்பது, கனித் தட்டு அடுக்குவது எல்லாம் அவருடையதாகட்டும். அவியல் கட்டாயம் வேண்டும் என்று அவர் நின்றால் கூட்டை எடுத்துவிடுங்கள். சேர்ப்பது ஒன்றென்றால் எடுப்பது ஒன்று என்பதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

ஓரகத்தி "நான் என்ன கொண்டுவரட்டும்" என்று கேட்டால், "ஒண்ணும் வேண்டாம், நீங்க வந்தாப் போதும்" என்று சொல்லிவிடாதீர்கள். ஊறுகாய், நறுக்கிய பழம், பிள்ளைகளுக்குக் கூடுதல் அப்பளம் என்று குறிப்பாகச் சொல்லுங்கள்.

மிச்சம்

இரண்டாம் பந்தி எழுந்ததும், பேச்சில் உட்காருவதற்கு முன்பே, மிச்சத்தைப் பிரியுங்கள். தேங்காய் சேர்ந்த கூட்டும் பொரியலும் கொடுத்தனுப்ப ஏற்றவை அல்ல. அன்றே தீர வேண்டும். சாம்பார், ரசம், பாயசத்தைச் சிறு பாத்திரங்களில் ஃபிரிட்ஜில் வைத்து, இரவு தேவையானதை மட்டும் எடுத்துக் கொதிக்கவிடுங்கள். மொத்தத்தையும் எடுத்துச் சூடாக்கித் திரும்ப வைக்க வேண்டாம். மாலைப் பேருந்தில் ஊர் திரும்புகிறவர்களுக்குப் புளியோதரையும் வடையும் கட்டலாம். தயிர்சாதம் கேட்பார்கள், அந்த வெயிலில் மூன்று மணி நேரப் பயணத்துக்கு அதைக் கட்டாதீர்கள்.